எல்லாருக்கும் பதில்

அன்று காலையும் மகனுடைய மெயில் குப்பைக்குள் புதைந்து கிடந்தது. வழுக்கையில் முடி வளர்க்கும் எண்ணெய், பாதி விலைக்குச் சக்கர நாற்காலி, யாரோ ஓர் இளவரசர் விட்டுப்போன சொத்து பற்றி அவருடைய வக்கீலின் கடிதம் எல்லாவற்றையும் விரலால் தள்ளித் தள்ளி, ஒருவழியாக அதைக் கண்டெடுத்தார் டெலிபோன் அம்மா.

தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ச் சேர்ந்து, ஒரே மகனும் மருமகளோடு வேறு ஊருக்குப் போனபின், அந்த வீட்டில் அவரைத் தவிரச் சத்தம் போடுவது ஃப்ரிட்ஜ் மட்டும்தான்.

மணி அடித்தால் எடுக்க வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும். வேலை பார்த்த காலத்துப் பழக்கம். அதனால் குப்பை மெயில்களுக்கும் ஒவ்வொன்றாகப் பதில் போட்டார். தலையில் முடி போதுமான அளவு இருக்கிறது, நடமாட்டத்துக்குக் குறைவில்லை, இளவரசரின் மறைவுக்கு வருந்துகிறேன். மறுநாள் இரட்டிப்பாக வந்தது. 'இனி அனுப்ப வேண்டாம்' என்று அடியில் இருந்த பொத்தானையெல்லாம் அழுத்திப் பார்த்தார். தேன்கூட்டில் கல்லெறிந்த கதையானது.

தெருமுனையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவரிடம் போனார். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"பதில் போட்டா, இந்த வீட்ல ஆள் இருக்குன்னு நீங்களே சொல்ற மாதிரிம்மா. தெரியாத மெயில்ல எதையும் தொடாதீங்க. திறக்காமலே குப்பைன்னு குறிச்சுத் தள்ளுங்க."

ஆள் இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன தப்பு என்று அம்மாவுக்குப் புரியவில்லை.

கடைக்காரர் புது முகவரி ஒன்று போட்டுக் கொடுத்தார். இதை வேண்டியவர்களுக்கு மட்டும் சொல்லுங்கள், கடைகண்ணியில் கேட்டால் கொடுக்கத் தனியாக வேறொன்று இருக்கட்டும் என்றார். அம்மா தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் இடம் மாறுவது மரியாதையா? பழைய பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் புது முகவரியைத் தெரிவித்தார். இளவரசரின் வக்கீல் முதல் ஆளாக வாழ்த்து அனுப்பினார்.

மறுபடி போய்ச் சொன்னதும் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா அனுமதிக்கிறவர்கள் தவிர வேறு யாருடைய மெயிலும் உள்ளே வராதபடி செய்துவிடுகிறேன், யார் யார் வரலாம் என்று கேட்டார். அம்மா மகனைச் சொன்னார். வேறு யார் என்றார் கடைக்காரர். அம்மா நெடுநேரம் யோசித்தார்.

"அவ்வளவுதான்."

அதன்பின் பெட்டி துடைத்து வைத்தது போல இருந்தது. தினமும் காலையில் ஒரே ஒரு மெயில். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, நான் நன்றாக இருக்கிறேன், வேலை அதிகம், அப்புறம் பேசுகிறேன். அம்மா அதற்குப் பக்கம் பக்கமாக எழுதுவார். குழாய் ஒழுகுகிறது, முழங்கால் பிடித்துக்கொள்கிறது, நீ எப்போது வருகிறாய்? கேட்ட கேள்விக்கு அவன் பதில் சொல்வதில்லைதான். பாவம், வேலை. சில நாள் அந்த வக்கீல் எப்படி இருக்கிறாரோ என்றுகூட நினைப்பார்.

ஒருநாள் மதியம் மருமகள் போன் செய்தாள். விடியலிலேயே மகனுக்கு அவசரமாக அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்ததாம். பயப்பட ஒன்றுமில்லை, மயக்கம் தெளிந்து இப்போதுதான் கண் திறந்தார் என்றாள். அன்று காலையும் வந்திருந்த மெயில் அம்மாவுக்கு நினைவுக்கு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"வயித்தைக் கிழிச்சுப் படுத்திருக்கிறவன் காலைல எனக்கு மெயில் எழுதணுமா? நல்லா இருக்கேன்னு பொய் வேற. அந்தக் கம்ப்யூட்டரைப் பிடுங்கி வைம்மா."



"அவர் எங்க அத்தை எழுதினாரு? அது தினமும் காலைல தானா போற மாதிரி போன வருஷமே போட்டு வச்சதாச்சே."