விரிய மறுத்த தகடு

கம்ப்யூட்டர் மறுபடியும் அதையேதான் சொன்னது: "இந்தப் பாகத்தைத் தட்டையாக்க முடியாது."

டிசைனர் தலையில் கை வைத்துக்கொண்டான். திரையில் ஒரு புகைக்கூண்டு நிதானமாகச் சுழன்றுகொண்டிருந்தது. மேலே வட்டம், கீழே சதுரம், நடுவில் இரண்டுக்கும் சமாதானம் செய்துவைக்கும் ஒரு வளைவு. அதை விரித்துப் போட்டால் என்ன வடிவம் வரும் என்று அவன் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். அந்த வடிவத்தில்தான் இரும்புத் தகட்டை வெட்டி, பிறகு வளைப்பார்கள்.

"முடிஞ்சுதா?" மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"விரிய மாட்டேங்குது சார்."

"விரிய வைப்பா. கஸ்டமர் ஓகே சொன்ன அடுத்த நிமிஷம் உனக்கு லீவு."

அவனுக்குக் கல்யாணமான மறுவாரத்திலிருந்து அவர் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். வேலை மட்டும் மாறும், வாக்கு மாறாது. மனைவி வேறு ஊரில், ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறாள், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். கஸ்டமர் கம்பெனியும் அதே ஊர்தான். அவன் வரைந்த படமெல்லாம் நொடியில் அங்கே போய்ச் சேர்ந்தது. அவன்தான் போகவில்லை.

கூண்டின் பின்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு வெட்டுக் கொடுத்துப் பார்த்தான். சட்டென்று கூண்டு அவிழ்ந்து விசிறி போல விரிந்து படுத்தது. நாற்காலியில் ஒரு குதி குதித்து, படத்தை அனுப்பிவிட்டு, அன்று சாயங்காலம் மனைவியைக் கூப்பிட்டான்.

"வெள்ளிக்கிழமை வந்துடுவேன்."

"போன வாட்டியும் இப்படித்தாங்க சொன்னீங்க. நான் ஷிஃப்டையெல்லாம் மாத்தி வச்சு... உங்க குரல் மறக்கலீங்க. கண்ணை மூடினா முகம்தான் சரியா வர மாட்டேங்குது."

"வந்து காட்டறேன்" என்றான்.

மறுநாள் கஸ்டமரின் செக்கிங் பிரிவிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "வெட்டு இருக்கும் இடம் திருப்தியாக இல்லை."

வெட்டைப் பக்கவாட்டுக்கு மாற்றினான். ஆணித் துளைகளில் இரண்டு தகட்டை விட்டு வெளியே போய் அந்தரத்தில் நின்றன. அவற்றை உள்ளே இழுத்தான். அகலம் கூடியது. அகலத்தைக் குறைத்தான். வட்டம் முட்டையானது. ஒருவழியாகத் தட்டிக்கொட்டி அனுப்பினான்.

"இன்னும் கொஞ்சம் யோசிக்கவும்" என்று திரும்பி வந்தது.

"என்னத்த யோசிக்கறது? தகட்டுல என்ன தத்துவமா எழுதி வச்சிருக்கேன்?" என்று திரையைப் பார்த்துக் கத்தினான்.

இந்த முறை கூண்டையே நாலு துண்டாக்கி விரித்தான். சந்தேகத்துக்கு அட்டையில் வெட்டி மடித்தும் பார்த்தான். முதல் துண்டும் கடைசித் துண்டும் முகம் கொடுத்துப் பேச மறுத்தன.

மேனேஜர் அட்டையைத் தூக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது புகைக்கூண்டா, யானைக்குச் செருப்பா?"

"அனுப்பட்டுமா சார்?"

"அனுப்பித் தொலை."

பதில் உடனே வந்தது: "திருப்தியில்லை. டிசைனர் நேரில் வரவும்."

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "உன்னால கம்பெனி மானமே போகுது. காலையில போய்க் கையில கால்ல விழுந்தாவது முடிச்சுட்டு உடனே திரும்பி வா. அங்க இங்க சுத்தற வேலையே வேணாம்."

மறுநாள் அட்டைக் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனான். ஊருக்குள் நுழைந்ததும் அவளைக் கூப்பிட்டான். மணி அடித்து அடித்து நின்றது. பஸ் அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியைத் தாண்டியது. இறங்கிவிடலாமா என்று பாதி எழுந்தான். மேனேஜர் முகம் நினைவுக்கு வந்தது, உட்கார்ந்தான். மாடி ஜன்னல்களில் எது லேபாக இருக்கும் என்று கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். இவ்வளவு பக்கத்தில் வந்தும் பார்க்காமல் திரும்புவதற்கு அந்த ஊருக்கு வராமலே இருந்திருக்கலாம்.

செக்கிங் பிரிவில் கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மூன்று முறை தன் விடுமுறையைத் தின்றவள் இவள்தான் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். அவள் அட்டையைத் தொடக்கூட இல்லை. அவனையே ஏற இறங்கப் பார்த்தாள்.

"மேடம், என்ன தப்புன்னு சொல்லிட்டீங்கன்னா இங்கயே உட்கார்ந்து சரி பண்ணிடறேன். என்னை உடனே திரும்பி வரச் சொல்லியிருக்காங்க."

"ஒரு தப்பும் இல்ல சார், நீங்க முதல்ல அனுப்பினதே சரிதான், மூணு தடவை திருப்பி அனுப்பினாத்தான் ஆளை நேர்ல கூப்பிட எங்க கம்பெனி விடும், ஹாஸ்டல்ல என் பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு தினமும் போன்ல 'எப்ப வருவீங்க, எப்ப வருவீங்க'ன்னு ஒருத்தி என்னைத் தூங்க விடறதில்ல, இப்ப கீழ வாசல்ல வந்து நிக்கிறா, போங்க!"