சாவியம்மாவின் கடைசி அடி

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடிக்காரர் ஒரு முடிவோடு கண் விழித்தார். இன்றைக்கு பீரோவைத் தொடுவதில்லை. வானமே இடிந்து விழட்டும், பீரோ நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும்.

பீரோவுக்குப் பின்னால் சுவர் ஓதமேறி, உள்ளே துணியெல்லாம் வாடை அடிக்கிறது, பக்கத்து அறைக்குத் தள்ளிவிடலாம் என்று வீட்டம்மா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்குத்தான் நாள் குறித்திருந்தது.

கண்ணாடிக்காரருக்கோ வேறு அவசரம். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற அந்த மனுஷருக்கு ஒரே ஒரு பித்து, சாவியம்மா. தப்பாக நினைக்க வேண்டாம், அந்த அம்மாள் குடியிருப்பது கம்ப்யூட்டருக்குள். பாழடைந்த மாளிகையில் அறை அறையாக நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் தோள்பையில் போட்டுக்கொண்டு, பூட்டின கதவையெல்லாம் திறந்துகொண்டே போகிற சாகச விளையாட்டின் நாயகி. ஒரு ஈயைக்கூட அடித்தவள் இல்லை.

இப்போது ரசிகர்கள் சிலர் கூடி, தாங்களாகவே ஒரு சண்டை விளையாட்டுச் செய்கிறார்கள். பல விளையாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து மோதவிடுகிற யோசனை. எந்தப் பொத்தானை அமுக்கினால் சாவியம்மா எப்படி அடிப்பாள் என்று யாராவது அடிவரிசை வகுத்துக் கொடுத்தால், அவளுக்கும் இடமுண்டு. இன்று சாயங்காலம் கெடு. இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு ஒரு கோடாலிக்காரன் வந்துவிடுவான். கண்ணாடிக்காரர் மனசு தாங்குமா?

அதனால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ... அம்மா..."

"என்னங்க ஆச்சு?" வீட்டம்மா வந்து நின்றார். பார்சல் கிடங்கில் மேற்பார்வை பார்க்கிறவர். மலை மாதிரி ஆட்களை வைத்து மலை மாதிரிப் பெட்டிகளை நகர்த்துகிற உத்தியோகம். அங்கே அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"இடுப்பு புடிச்சுக்கிச்சும்மா. அசைய முடியல. பீரோவை இன்னொரு நாள் பாத்துக்கலாமே?"

"அச்சச்சோ. படுத்துக்கங்க. பீரோவா முக்கியம்?"

இவ்வளவு லேசாகத் தப்பிப்போம் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. தலையணையைச் சாய்த்து வைத்து, மடிக்கணினியைத் திறந்து வேலையில் இறங்கினார். மத்தியானம் வரை ஓட்டமான ஓட்டம். அப்புறம் வண்டி நின்றுவிட்டது.

வீட்டம்மா துவைத்த துணியைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டு மடிக்க உட்கார்ந்தார்.

"என்ன, முகமே சரியில்ல? வலிக்குதா?"

"சாவியம்மாவுக்கு அடிவரிசை எழுதறேன்."

"அவதான் யாரையும் அடிக்க மாட்டாளே?"

"அதானே பாடு! பையால ஒரு வீச்சு வச்சேன். எதிரி குத்த வந்தா, நடுவுல ஒரு கதவைத் திறப்பா. கை உள்ள போனதும் பட்டுனு சாத்திடுவா. அது வரைக்கும் ஜோர். கடைசி அடிதான் அமையல. மேல இருந்து இடியை இறக்கிடவா?"

"அவளுக்கும் இடிக்கும் என்ன உறவு?"

"நெருப்பு?"

"விளக்கு ஏத்தவே பயப்படறவ."

"பின்ன எப்படித்தான் ஜெயிக்கிறதாம்?"

வீட்டம்மா ஒரு சட்டையை உதறினார். "அவ எதுக்குக் கையைத் தூக்கணும்? 'இது உன்னால ஆகாதுப்பா, விட்டுடு'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவனே ரோஷத்துல பக்கத்துல இருக்கற பாரத்தோட மல்லுக்கட்டி, களைச்சு விழுந்துடுவான்."

கண்ணாடிக்காரர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். இடுப்பு வாயே திறக்கவில்லை.

"அடி சக்கை! இதுதான், இதேதான்! சரி, எதிரி எப்படி நிப்பான், எப்படித் தள்ளுவான், எல்லாம் விவரமா எழுதணும். தோளைக் குடுப்பான், இல்ல?"

"தோளைக் குடுத்தா நகராது. கிடங்குல தினம் பாக்கறேன்."

"ஏன் நகராது? காலைப் பின்னால ஊனிக்கிட்டா நகரும்."

"மூக்குக்கண்ணாடியை விட்டா வேற எதைத் தூக்கிப் பாத்திருக்கீங்க நீங்க? சொல்றாரு பாரு!"

விடுவாரா? குதித்து இறங்கினார். அறையில் பாரம் என்று சொல்ல பீரோதான் இருந்தது. தோளைக் கொடுத்து ஒரு நெட்டு நெட்டினார். கிறீச்சென்று நகர்ந்தது.

"இப்ப என்ன சொல்றே?"

"அட, ஆமா! ஆனா வாசப்படில வந்து மாட்டிக்குவான்."

"மாட்டுவானா? சாய்ச்சு, மூலையில நிறுத்தித் திருப்புவான். இந்தா, இப்படி!"

"திருப்பினதை அந்தப் பக்கம் நிமித்தறது ஆகாத காரியம்."

"எவன் சொன்னான்?"

இரண்டு பேருமே எதிரியைப் பற்றித்தான் பேசினார்கள். பீரோ என்கிற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. கண்ணாடிக்காரர் வேர்த்து விறுவிறுத்துப் பக்கத்து அறைச் சுவரோரம் நின்றார்.

"எதிரி எப்பேர்ப்பட்ட பலசாலி பாத்தியா!"

"பாத்தேங்க. இன்னும் ரெண்டு விரக்கடை இடப்பக்கம் தள்ளுவானா?"

"தாராளமா!"

தள்ளினார். தள்ளி முடித்து நிமிர்ந்தபோதுதான் எதிரே நிற்பது என்னவென்று பார்த்தார். கிட்டத்தில் இருப்பது தெரியாத பார்வைக்கு அவர் கடையிலேயே கண்ணாடி உண்டு. போட்டுக்கொள்ளத்தான் தோன்றவில்லை.

வீட்டம்மா துடைப்பத்தோடு பழைய இடத்தைப் பெருக்கப் போனார். "இடுப்புக்குத் தைலம் தேச்சு விடட்டுமா?" என்று போகிற போக்கில் கேட்டார். முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

ஆனது ஆச்சு என்று அடிவரிசையை ரசிகர் குழுவுக்கு அனுப்பினார். குழுத் தலைவருக்குப் பட்டப்பெயர் பொத்தான். உடனே பதில் போட்டார்: "மத்ததெல்லாம் பிரமாதம். கடைசி அடி மட்டும் நம்பும்படியா இல்ல. ஆகாதுன்னு சொன்னா எந்த மடையன் போய்த் தள்ளுவான்? மாத்துங்க. இல்லன்னா கோடாலிக்காரன்தான்."

'மனித சுபாவம் அப்படி' என்று அடித்தார், அழித்தார். 'பெரியவர்கள் ஆராய்ந்து சொன்னது' என்று அடித்தார், அதையும் அழித்தார். ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. தன் மானமா, சாவியம்மாவா? ஒரு பெருமூச்சு விட்டு, பொய் இடுப்புவலி தொடங்கி இரண்டு விரற்கடை இடப்பக்கம் வரைக்கும் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினார்.

குழுவில் சிரிப்புப் பொம்மைகள் கொட்டோ கொட்டென்று கொட்டின. கடைசியில் பொத்தானிடமிருந்து ஒரு வரி வந்தது.

"சாவியம்மாவைச் சேத்துக்கிட்டோம் சார்! வடிவமைச்சவங்கன்னு போடணும், அக்கா பேரைக் கொஞ்சம் சொல்லுங்க."