வராத தலைவலி

அன்று காலையும் தலைவலி வரவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் படுக்கையில் உட்கார்ந்தபடியே தலையை இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார், நெற்றிப்பொட்டை அழுத்திப் பார்த்தார். ஒன்றுமில்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி தலை சுத்தமாக இருந்தது.

"வந்துச்சா?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"எங்கே வருது. எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் வரமாட்டேங்குது."

"வேற எவனாவது இதுக்கு வருத்தப்படுவானா?" என்றபடி காபியை நீட்டினாள். காபி இறங்காமல் அவருக்கு ஒரு வேலையும் ஓடாது. அதுவும் வெளிக் காபி ஆகாது. ஆபீசுக்கும் ஃப்ளாஸ்கில் வீட்டுக் காபிதான் போகும்.

அவர் வருத்தத்துக்குக் காரணம் இருந்தது. மூளையிலிருந்து விரல்நுனி வரை ஓடும் நரம்புகளின் மேல், மின்கம்பிக்கு இருப்பது போலவே ஓர் உறை இருக்கிறது. உடம்பைக் காக்க வேண்டிய காவல்படை ஆள் அடையாளம் தெரியாமல் அந்த உறையையே சுரண்டித் தின்ன ஆரம்பித்தால், அதற்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர். டாக்டரம்மா படமெல்லாம் வரைந்து விளக்கியபோது அவர், "இன்சுலேஷன் போச்சு, அவ்வளவுதானே?" என்று கேட்டார். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டார்.

அவருக்குப் போனது வலதுகை விரல்களின் உணர்ச்சி. லிஃப்ட் வேலையில் கண்ணைவிட விரல்தான் முக்கியம். பேனலுக்குப் பின்னால் கையை விட்டு, எந்தத் திருகாணி தளர்ந்திருக்கிறது என்று தடவித்தான் சொல்ல வேண்டும். அது முடியாமல் போனதும் கம்பெனியில் அவரைப் போன் எடுக்கும் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். "விரல் சரியானதும் வா. உன் டூல் பையை யாரும் தொடமாட்டாங்க" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

அந்தப் பைக்காகத்தான் இந்தச் சிகிச்சை. ஓர் ஆன்டிபயாடிக், காவல்படையின் ஆத்திரத்தைத் தணிக்குமா என்று ஆஸ்பத்திரியில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து; மீதிப் பேருக்கு அதே நிறக் கூட்டுக்குள் வெறும் சர்க்கரை. யாருக்கு எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது. தெரிந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

ஆனால் தலை காட்டிக்கொடுத்துவிடும் என்று கண்டுபிடித்தவர், அதே சோதனையில் இருந்த தையல்காரர்.

"எனக்கு மண்டை பிளக்குதுங்க" என்றார் அவர், போன தடவை ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொண்டு, பரிசு விழுந்தவர் போல. "இந்த ஆன்டிபயாடிக்கோட பக்கவிளைவே தலைவலிதானாம். எனக்கு நிஜ மருந்து. உங்களுக்கு?"

"இன்னும் இல்லைங்க."

தையல்காரர் அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். "அதனாலென்ன. சர்க்கரையும் தெம்புதான்" என்றார்.

இன்று காலையும் வலி வராமல் போகவே, மாலை வேலையிலிருந்து வந்ததும் மெக்கானிக் மாத்திரை டப்பாவைப் பரணில் தூக்கிப் போட்டார்.

"என்னங்க இது?"

"நாளையிலிருந்து கிடையாது. சர்க்கரை திங்க நான் எதுக்கு ஆஸ்பத்திரிக்கு அலையணும்?"

"எல்லாருக்கும் தலைவலி வராதுன்னு நர்ஸ் சொன்னாங்களே."

"பட்டனை அழுத்துறேன். விளக்கு எரியலை, மோட்டார் சத்தமில்லை, கூண்டு ஆடலை. கரண்ட் வரலைன்னுதானே அர்த்தம்? இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் வேலை பார்த்தேன்? விரல் அவ்வளவுதான். நாற்காலியிலேயே கிடந்து சாகவேண்டியதுதான்."

மனைவி ஸ்டூலைப் போட்டு ஏறி, டப்பாவை எடுத்து, தூசி தட்டி மேசையில் வைத்தாள்.

"ஒரு வாரம். எனக்காக."

"ஒரு வாரம்தான். அதுக்கு மேல என்னைக் கேக்காதே."

இரண்டொரு நாளில் காபியின் ருசி மாறியது.

"என்னம்மா, காபி சப்புன்னு இருக்கு?"

"மருந்து நாக்கைக் கெடுக்குமோ என்னமோ" என்றாள் மனைவி, அடுப்பைத் துடைத்துக்கொண்டே.

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாக்கு கெட்டால், மருந்து நிஜம். இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தார். அதுவும் சப்பென்றே இருந்தது. இவ்வளவு திருப்தியாக அவர் மோசமான காபி குடித்ததே இல்லை.

மறுநாள் மதியம், போனும் கையுமாக இருக்கும்போது, பின்மண்டையில் ஏதோ பிடித்து இழுத்தது. இழுத்தது கொஞ்சம் கொஞ்சமாக முன்நெற்றிக்கு வந்து, கண்ணுக்கு மேலே கொட்டகை போட்டு உட்கார்ந்தது.

"ஹலோ, லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு, உள்ள மாட்டிக்கிட்டிருக்கோம்" என்றது போன்.

"ரொம்ப சந்தோஷம்" என்றார் மெக்கானிக்.

சூப்பர்வைசர் போனைப் பிடுங்கிக்கொண்டார். "என்னய்யா ஆச்சு உனக்கு?"

"தலைவலி சார். பிளக்குது சார்."

"அதுக்கு ஏன்யா இளிக்கிறே? உன் தலைவலி எனக்குத் தலைவலியாயிடும்போல இருக்கு."

வலி நாளுக்கு நாள் ஏறியது. சும்மா இருக்க முடியவில்லை, ஃப்ளாஸ்க் காபியை ஊற்றி ஊற்றிக் குடித்தார். வழக்கமாக எந்தத் தலைவலியும் காபிக்கு அடங்கும், இது அடங்கவில்லை. காபிக்கே அடங்காத வலியென்றால் மருந்து எவ்வளவு வீரியமானதாக இருக்க வேண்டும் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

அந்தப் பெருமையில்தான் தப்புச் செய்தார். நர்ஸுக்குப் போன் போட்டு, வலி எங்கே தொடங்கி எப்படி நகர்ந்தது என்று பழுது பார்த்த விவரம் போல ஒப்பித்தவர், கடைசியில் சும்மா ஒரு அழகுக்கு, "பார்வைகூடக் கொஞ்சம் மங்குதுங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

மறுமுனையில் நர்ஸின் குரல் மாறியது. "மாத்திரையைத் தொடாதீங்க. இப்பவே கிளம்பி வாங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"மண்டையோடு ஒரு மூடின பெட்டி. உள்ள மூளையைச் சுத்தி நீர் இருக்கு. இந்த ஆன்டிபயாடிக் எப்பவாவது ஒருத்தருக்கு அந்த நீரோட அழுத்தத்தை ஏத்திவிட்டுடும். பெட்டி விரியாது. அழுத்தம் போய்ப் பார்வை நரம்பை நெருக்கும். விட்டா கண்ணு போயிடும்."

"அப்படியிருந்தா?"

"மருந்தை நிறுத்திடுவோம்."

"அப்புறம் எப்போ திரும்ப ஆரம்பிப்பீங்க?"

"திரும்பக் கிடையாது. சோதனையிலிருந்து உங்களை எடுத்துடுவோம்."

நிஜ மருந்து என்று தெரிந்த வாரத்திலேயே அது கையைவிட்டுப் போவதா? மெக்கானிக் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"மங்கலெல்லாம் இல்லை டாக்டர். சும்மா சொன்னேன்."

"அப்போ தலைவலி?"

"அதுவும்... பாதிக்கு மேல சும்மாதான்."

"வலி நிஜம்தான் டாக்டர்" என்றாள் மனைவி திடீரென்று. "ஆனா மருந்தால இருக்காது."

"எப்படிச் சொல்றீங்க?"

மனைவி வாயைத் திறந்தாள். கணவரின் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

அவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்பாவை விரியும்வரை வெளியே உட்காரச் சொன்னார்கள். மனைவி எழுந்து கேன்டீனுக்கு ஓடாத குறையாகப் போய், ஒரு காபியோடு வந்தாள்.

"எனக்குத்தான் வெளிக் காபி..."

"குடிங்க."

குடித்தார். அடுத்ததையும் கொண்டுவந்தாள்.

"இதுவுமா?"

"பேசாம குடிங்க. சொட்டு விடாம."

கல்யாணமானதிலிருந்து அவளை அந்தக் குரலில் அவர் கேட்டதில்லை. டம்ளரின் அடிவரை குடித்தார்.

உடம்பைக் கீறாமல் ஒரு நரம்பை நேராகப் பார்க்க ஒரே ஜன்னல்தான் உண்டு, அது கண். நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடம், பின்சுவரில் ஒரு சின்ன வட்டமாகத் தெரியும். அழுத்தம் ஏறியிருந்தால் அந்த வட்டத்தின் ஓரம் வீங்கிக் கலங்கிப்போகும். டாக்டரம்மா வெளிச்சத்தைப் பாய்ச்சி, மூச்சு படுகிற தூரத்துக்கு வந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஓரம் தெளிவா இருக்கு" என்றார் கடைசியில். "வீக்கம் இல்லை. இப்போ வலி எப்படி?"

மெக்கானிக் தலையைச் சாய்த்துப் பார்த்தார். நெற்றிப்பொட்டை அழுத்தினார். கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"போயிடுச்சு."

"பொய் சொல்லாதீங்க."

"சத்தியமா டாக்டர்."

குனியச் சொன்னார், இருமச் சொன்னார், மல்லாக்கப் படுக்கவைத்தார். வலி வரவில்லை. மனைவிதான் சுவரில் சாய்ந்து, வெகுநேரமாக அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள்.

"மருந்தை நிறுத்த வேண்டியதில்லை" என்றார் டாக்டரம்மா. "தொடர்ந்து சாப்பிடுங்க. திரும்ப வந்தா வந்ததுன்னு சொல்லுங்க. அழகுக்கெல்லாம் எதையும் சேர்க்காதீங்க."

வீட்டுக்கு வந்ததும் அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல ஒரு திருகாணியை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினார். உருட்டியவர் நின்றார். மறுபடி உருட்டினார்.

"ஏம்மா, இங்கே வாயேன். திருகாணியோட புரி கையில தெரியுது. லேசா, பல்லுப் பல்லா உறுத்துது. நிஜ மருந்துதான். எவ்வளவு தலைவலியைத் தாங்கியிருக்கேன்."

மனைவி அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்தவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

அழைப்புமணி அடித்தது. மளிகைக் கடைக்காரர் ஒரு பொட்டலத்தோடு நின்றிருந்தார்.

"அம்மா போன வாரம் வாங்கின அதே காபித்தூள் சார், காஃபீனை எடுத்துட்டு வர்றது. இன்னொரு பொட்டலம் சொல்லிவெச்சிருந்தாங்க. பழகின காபியை விட்டு இதுக்கு மாறினா கொஞ்ச நாள் மண்டை பிளக்கும்னு சொன்னா, எல்லாரும் வேணாம்னுட்டுப் போயிடுவாங்க. உங்க வீட்டம்மா ஒருத்தங்கதான், 'நிச்சயமா பிளக்கும்ல?'ன்னு ரெண்டு தடவை கேட்டு வாங்கினாங்க."