அண்ணாந்து பார்த்த மாப்பிள்ளை

எனக்கு அண்ணாந்து பார்க்கும் வியாதி உண்டு. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் ஆளைப் பார்க்கத் தோன்றாது, கூரையைத்தான் பார்ப்பேன். தொம்மலூரில் வீடுகளுக்குப் பிளான் வரைந்து பிழைத்துக்கொண்டிருந்த தொண்ணூறுகளில் இதைப் பெரிய தகுதி என்று வேறு நினைத்திருந்தேன். (கர்வத்துக்கு அப்போது குறைச்சலே இல்லை.)

அத்திபெலேயைத் தாண்டி ஒரு கிராமத்தில் அம்மாவும் நானும் பெண் பார்க்கப் போனோம். முன்பு வந்த வரன்களெல்லாம் தட்டிப்போனதில் அம்மா இந்த இடத்தைத்தான் மலைபோல நம்பியிருந்தாள். பெண் வீட்டார் குடியிருந்தது ஒரு பழைய போர்டிங் வீட்டில். சந்தைக்கு மாட்டு வண்டியில் வரும் வியாபாரிகள் தங்கிச் சாப்பிட்டுப் போவதற்காகப் பெண்ணின் கொள்ளுத்தாத்தா கட்டியது. லாரிகள் வந்தபின் தங்க ஆளில்லாமல் போய், குடும்பமே அறைகளை நிரப்பிக்கொண்டது. நடுவில் முற்றம், சுற்றிலும் கருங்கல் தூண்கள், வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஓடுகளுக்கிடையில் பதித்த கண்ணாடி வழியாக வெயில் சாய்ந்து இறங்கியது. அதில் தூசி மிதந்து மிதந்து மேலே போனது. நானும் கூடவே போய்விட்டேன்.

பெண்ணின் அப்பா வீட்டின் கதையைச் சொல்லச் சொல்ல நான் விளக்கவுரை கொடுத்தேன். தடுப்புச் சுவர்கள் கூரையைத் தொடாமல் பாதியில் நின்றுவிடுவதால்தான் எல்லா அறைக்கும் காற்று போகிறது, என்ன அறிவு பாருங்கள் என்று அவர் வீட்டை அவருக்கே விளக்கினேன். நடுவில் யாரோ காப்பி கொடுத்தார்கள். குடித்தேன்.

அப்புறம் அம்மாவையும் என்னையும் கலந்து பேசச் சொல்லி ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அம்மா கதவைச் சாத்திவிட்டு, "பொண்ணு எப்படிடா?" என்றாள்.

"எந்தப் பொண்ணு?"

"காப்பி குடுத்துச்சே, அதான்டா."

"நான் மூஞ்சியவே பாக்கலம்மா. மேல கூரையப் பாத்துட்டிருந்தேன். இப்படி ஒரு வீடு கெடைக்கும்னா யாரை வேணா கட்டிக்கலாம்."

பக்கத்து அறையில் பேச்சு சட்டென்று நின்றது. காற்று போகும் வழியில் பேச்சும் போகும் என்பது இந்த மேதைக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

சுவருக்கு மேலாக ஒரு பெண் குரல் வந்தது. "பரவால்ல. இன்னொரு வாட்டி காப்பி எடுத்துட்டு வரேன். இந்தத் தடவ ஸ்வல்பம் கீழ பாருங்க."

வெட்கத்தில் நான் தரையை மட்டுமே பார்த்தேன். தேய்த்துத் தேய்த்துப் பளபளத்த சிவப்பு சிமெண்டுத் தரையில், காப்பித் தம்ளரோடு ஒரு முகம் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அத்தனை அழகான முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கூரையெல்லாம் மறந்தே போயிற்று.

இப்போது எங்கள் மகளுக்கு வரன் பார்க்கிறோம். தரகர் ஜாதகத்தை எடுக்கும் முன்பே என் மனைவி கேட்டுவிடுகிறாள்: "பையன் கட்டட வேலையா? அப்படின்னா பொண்ண வெட்டவெளியிலதான் காட்டுவோம்."