பலிகேயாவின் இரண்டு தட்டுகள்

இகாங்கா ஊர்ச் சந்தைக்குப் பின்னாலிருந்த தகரக் கூடாரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்க இடம் கிடைக்காது. தீர்க்கதரிசி பலிகேயா அங்கே பாவிகளைத் திருத்தவில்லை. அது பழைய பாதிரிமார்களின் வேலை. "நீங்கள் பாவிகளே இல்லை" என்று அவர் சொன்னார். பிறகு கூட்டம் வராமல் என்ன செய்யும்?

"நீ பொறக்குறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் ஆண்டவர் எழுதிட்டார். எழுதினதை நடிச்சுக் காட்டுறதுதான் உன் வேலை" என்பார். அதற்கு அத்தாட்சியும் வைத்திருந்தார். மேடையில் இரண்டு தட்டுகள். ஒன்றில் சுட்ட வாழைப்பழம், மற்றதில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. யாராவது ஒருவர் வந்து விரும்பியதை எடுக்க வேண்டும். எடுத்ததும் தீர்க்கதரிசி அங்கிக்குள் கைவிட்டு ஒரு சீட்டை உருவுவார். எடுத்தது கிழங்கு என்றால், 'இவர் கிழங்கை எடுப்பார்' என்று அதில் முன்கூட்டியே எழுதியிருக்கும். கூடாரம் அலறும்.

பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத வாத்தியார் அலறினார். மனைவியின் பல்லை உடைத்த ஆடு வியாபாரி கண்ணீர் விட்டார். எல்லாருக்கும் எவ்வளவு நிம்மதி! காணிக்கை மட்டும்தான் எழுதப்படவில்லை. அதை அவரவர் சுயவிருப்பத்துக்கே ஆண்டவர் விட்டுவைத்திருந்தார்.

நங்கோபி தையல்காரி. அவளுடைய தங்கை மிரேம்பே, சந்தையில் மரவள்ளிக்கிழங்கு விற்றவள். வாழைச்சாராயம் குடித்துவிட்டு வகாபி என்பவன் ஓட்டி வந்த வேன் அவள் கடைக்குள் புகுந்ததில் மிரேம்பேயின் இடது கால் முழங்காலோடு போனது. முதல் வாரம் வகாபி ஆஸ்பத்திரி வாசலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டாவது வாரம் பலிகேயாவின் கூடாரத்துக்குப் போனான். மூன்றாவது வாரம் தலை நிமிர்ந்துவிட்டது.

"நான் என்ன பண்ணட்டும் அக்கா? அது எழுதியிருந்துச்சு" என்றான் நங்கோபியிடம்.

"பாட்டிலைத் தூக்கினது யாரு கை?"

"கை என்னோடதுதான். எழுத்து அவரோடது."

அக்கம்பக்கத்தாரும் அதையே சொன்னார்கள். ஆண்டவர் எடுத்த காலுக்கு வேன்காரனைக் கோபித்து என்ன பயன் என்றார்கள். அவர்கள் கால்கள் பத்திரமாக இருந்தன.

நங்கோபி மூன்று ஞாயிறு கூடாரத்தில் போய் உட்கார்ந்தாள். எல்லாரும் சீட்டைப் பார்த்தார்கள். துணி வெட்டிப் பழகிய அவள் கண் அங்கியைப் பார்த்தது. பழத்தை எடுத்தால் தீர்க்கதரிசியின் கை இடது பக்கம் போகிறது. கிழங்கை எடுத்தால் வலது பக்கம்.

நான்காவது ஞாயிறு, தங்கையைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு மேடைக்கு வந்தாள்.

"வா மகளே, எடு" என்றார் பலிகேயா.

"எடுக்கிறேங்கய்யா. அதுக்கு முன்னாடி எனக்கு எழுதின சீட்டை இவ கையில குடுங்க. நான் எடுத்தப்புறம் பிரிச்சுப் பாக்கலாம்."

"ஆண்டவரைச் சோதிக்கக் கூடாது."

"ஆண்டவரை யாருய்யா சோதிச்சா? சீட்டைத்தான் கேக்குறேன். எழுதினது எழுதினதுதானே, எப்பக் குடுத்தா என்ன?"

"குடுங்களேன் ஐயா, அவ வாயடையட்டும்" என்றார் வாத்தியார், முழு நம்பிக்கையோடு.

பலிகேயாவின் கை அங்கிக்குள் சற்று நேரம் அலைந்தது. கடைசியில் இடது பக்கத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. மிரேம்பே அதை மூடிப் பிடித்துக்கொண்டாள்.

நங்கோபி இரண்டு தட்டுகளையும் தூக்கிக்கொண்டாள்.

மிரேம்பே சீட்டைப் பிரித்து வாசித்தாள். "பழத்தை எடுப்பார்."

"பாதி சரி" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

பாதி என்ற சொல் தீர்க்கதரிசியைச் சுட்டுவிட்டது. "பாதி இல்ல, முழுசும் சரி. கிழங்கும் எழுதியிருக்கு, பாரு" என்று வலது பக்கத்திலிருந்து இன்னொரு சீட்டை உருவி ஆட்டினார். ஆட்டிய பிறகுதான் தான் செய்தது அவருக்கே உறைத்தது.

முதலில் பேசியவர் ஆடு வியாபாரியின் மனைவி. முன்பல் உடைந்திருந்ததால் சொற்கள் காற்றோடு வந்தன. "ரெண்டும் எழுதி வச்சிருந்தா, வாராவாரம் ஒண்ணை மட்டும் ஏன்யா காட்டினே?"

பலிகேயா நின்ற இடம் காலியாக இருந்தது. கூடாரத்தின் பின்வாசல் திரை ஆடியதைத்தான் பார்த்தார்கள்.

நங்கோபி வகாபியைத் தேடிப் பிடித்தாள். "எல்லாமே எழுதினதுன்னா, மனந்திரும்புங்கன்னு இயேசு யாரைப் பாத்துச் சொன்னாரு? திரும்ப முடியாதவனைப் பாத்தா?"

அவன் நேராக மிரேம்பேயிடம் வந்தான். "அன்னிக்கு வண்டி ஓட்டாதேன்னு ரெண்டு பேர் சொன்னாங்க. நான்தான் கேக்கல. நான்தான் குடிச்சேன். என்னை மன்னிப்பியா?"

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் நான்கு மாதம் காத்திருந்தாள். கண் கலங்கியது. ஆனாலும் தலையசைக்கவில்லை.

"யோசிச்சுத்தான் சொல்லணும். அது இன்னும் எங்கயும் எழுதலை."

பலிகேயா இப்போது ஏரிக்கரைப் பக்கம் வேறொரு ஊரில் கூடாரம் போட்டிருக்கிறாராம். அங்கேயும் நிற்க இடமில்லையாம். கழுத்துக்கு மேலே ஆண்டவர் தலை என்று ஒன்றை வைத்தது வெறுமனே ஆட்டுவதற்கு என்று எந்த வேதத்திலும் எழுதியிருக்கவில்லை.