கொமிட்டி வாங்கிய டச் போன்

தீப்பெட்டி வாங்குவதற்கும் கூட்டம் போட்டுத் தீர்மானம் எடுத்த மனிதர் இந்த நாட்டிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தோட்டத்தில் இருந்தார். பாராளுமன்றத்துக்காவது லீவு உண்டு. அவருடைய லயத்துக் காம்பரா வீட்டின் முன்பக்க இஸ்தோப்புத் திண்ணையில் கூட்டம் நடக்காத நாள் கிடையாது. சின்ன வயதிலிருந்தே எனக்கு அவர் மாமாதான், அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று இன்றுவரை தெரியாது. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும் கணக்கப்பிள்ளையே “கொமிட்டி!” என்றுதான் கத்துவார். இவரும் “வந்தாச்சுங்க” என்று கையைத் தூக்குவார்.

ருவான்வெல்லைக்கு மேலே ஏறினால் வரும் ரப்பர் தோட்டம் எங்களுடையது. கொமிட்டி அங்கே மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்டுகிறவர். மழை வந்தால் மரம் வெட்ட முடியாது, வெட்டிய பாலெல்லாம் தண்ணீரோடு போய்விடும். மற்றவர்கள் வானத்தை ஒருதரம் பார்த்துவிட்டுக் கத்தியை எடுப்பார்கள். இவர் வானத்தைப் பார்ப்பார், கங்காணியைப் பார்ப்பார், எதிரில் வருகிற எல்லோரையும் நிறுத்தி, “என்னா சொல்றீங்க, வெட்டலாமா?” என்று கேட்பார். அதற்குள் பக்கத்து மர நிரைக்காரன் பாதி மரத்தை முடித்திருப்பான்.

குடைக் கதையைச் சொன்னால்தான் ஆளைப் புரியும். பழைய குடை காற்றில் போய்விட்டது. புதுக்குடைக்கு வளைந்த பிடியா, நேர்ப் பிடியா என்று கொமிட்டி கூடியது. கொமிட்டி என்றால் மூன்று பேர்: இவர், தொழிற்சங்கத் தலைவர், கோயில் பூசாரி. தலைவர் வளைந்த பிடி என்றார். பூசாரி நேர்ப் பிடி என்றார். இவர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். அந்த மாரி முழுக்க உரச்சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டுதான் மலை ஏறினார். கடைசியில் குடை வாங்கினார். வாங்கிய மறுநாள் வெயில் தொடங்கியது. சளைக்காமல் வெயிலுக்குப் பிடித்துக்கொண்டு போனார்.

நான் அதே லயத்தில் வளர்ந்தவன். பிறகு பஜாரில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை போட்டேன். போன், சிம், ரீலோட், போட்டோ கொப்பி, எல்லாம் உண்டு. ஒருநாள் கொமிட்டி கடைக்குள் வந்து, சட்டைப் பையிலிருந்து ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய பட்டன் போனை எடுத்து மேசையில் வைத்தார்.

“தம்பி, டச் போன் ஒண்ணு வாங்குறதப் பத்தி யோசிக்கிறேன்.”

யோசிக்கிறேன் என்று அவர் சொன்னதும் குடைக் கதைதான் எனக்கு ஞாபகம் வந்தது. பயந்தது சரியாகப் போயிற்று. அன்றிலிருந்து வேலை முடித்துப் பஜாருக்கு இறங்குகிற ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் கேள்வியோடு வந்து நின்றார்.

“இந்தப் பெக்கேஜ்ல அன்லிமிட்டட்னு போட்டிருக்கே, அப்படின்னா என்னா?”

“முடிவே இல்லாம பாவிக்கலாம் மாமா.”

“முடிவே இல்லையா?”

“இல்ல.”

“அப்ப ஏன் மாசக் கடைசில திரும்பக் கட்டச் சொல்றாங்க?”

இதற்குப் பதில் தெரிந்த வாசகர்கள் எழுதி அனுப்பலாம்.

இன்னொரு நாள், நடுச்சாமத்துக்கு மேல் டேட்டா இலவசம் என்ற விளம்பரத்தைப் பார்த்துக் கொதித்துப் போனார். “விடியக்காலைல பெரட்டுக்குப் போற சனம் நடுச்சாமத்துல முழிச்சிருக்குமா? தூங்குறவன் வாயில சோத்த வச்சிட்டு, சாப்பாடு போட்டேன்னு சொல்லிக்கிறாங்க!” வாசலில் த்ரீவீலை நிறுத்திவிட்டு இதைத் தினமும் வேடிக்கை பார்க்கிற சிங்களப் பையன், இப்போதாவது வாங்கித் தொலையுங்கள் என்ற பொருளில், “கொமிட்டி மஹத்தயா, தென்வத் கன்ன!” என்று கத்தினான். “ஹரி ஹரி, மல்லி. பாக்கத்தானே வேணும்” என்று இவர் பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் அவனை அடக்கினார்.

பிறகு ஒரு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முன்னுக்கு ஒரு கெமரா. பின்னுக்கு மூணு. மனுசனுக்கே ரெண்டு கண்ணுதான். இதுக்கு எதுக்குத் தம்பி நாலு?”

போனை மெதுவாக மேசையில் வைத்தார். எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. பாக்கியம் அத்தையின் ஞாபகம் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்க வேண்டும்.

பாக்கியம் அத்தை அவருடைய மனைவி. சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய், அத்தையின் கண்ணில் இறங்கிவிட்டது. முதலில் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனது. பிறகு அரிசியில் கல் தெரியவில்லை. பிறகு எதிரில் வருகிறவர் யாரென்று குரலை வைத்துத்தான் சொன்னார். கேகாலைக் கிளினிக்கில் டொக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். போன பார்வை திரும்பாது. மிச்சம் இருப்பது எவ்வளவு நாளைக்கு என்று சொல்வதற்கில்லை.

அவர்களுடைய ஒரே மகள் சுமதி, குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் பட்டன் போனுக்கு எடுப்பாள்.

“எப்பக் கேட்டாலும் ‘நல்லா இருக்கேம்மா’ன்னுதான் சொல்றா” என்று அத்தை என்னிடம் ஒருநாள் சொன்னார். “பேச்ச வச்சு நான் என்னத்தக் கண்டேன்? மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும் தம்பி. புள்ள இளைச்சிருக்காளா இல்லையான்னு ஒருதரம் பாத்துட்டா, அப்புறம் இந்தக் கண்ணு எப்படிப் போனாலும் போவட்டும்.”

இதுதான் விஷயம். காசு பிரச்சினை இல்லை. வாங்குங்கப்பா என்று சுமதியே அனுப்பி வைத்திருந்தாள். கொமிட்டிதான் தீர்மானத்துக்கு வரவில்லை.

கொமிட்டியின் பெரிய சந்தேகம் சிக்னல். எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. மேலே போகிற வளைவில் ஒரு ரப்பர் மரத்தடியில் மட்டும்தான் வரும். பால் வடிவதற்காக மரத்தில் கம்பி போட்டுக் கட்டியிருக்கும் சிரட்டை இருக்கிறதே, போனை அதற்குள் வைத்துவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டுக் குனிந்து பேசுவோம். வெளிநாட்டில் ஆள் இருக்கிற எல்லாக் குடும்பமும் அந்தச் சிரட்டையைப் பார்த்து அழுதிருக்கிறது. அந்த மரத்தில் டச் போன் வேலை செய்யுமா என்று பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்றார். நானும் நம்பி, கடையில் காட்டுவதற்கு வைத்திருந்த போனைக் கொடுத்தேன்.

விடியற்காலையில் போகிற வழியில் அதைச் சிரட்டைக்குள் வைத்துவிட்டு, கோடு எத்தனை வருகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். கங்காணி கூப்பிட்டார். இதோ வருகிறேன் என்று போனவர் போனவர்தான். அந்த நிரைக்காரன் வந்தான். கருத்த சிரட்டைக்குள் கருத்த போன், அரை இருட்டு. அவன் பாட்டுக்கு மரத்தை வெட்டிவிட்டுப் போய்விட்டான். போனுக்கு மேல் பால் சொட்டுச் சொட்டாக வடிந்து சிரட்டை நிறைந்தது. பால் சேர்க்க வந்தவன் மொத்தத்தையும் வாளியில் கவிழ்த்தான்.

பால் நிறுக்கிற இடத்தில் வாளிக்குள்ளிருந்து அம்மன் பாட்டு வந்தது. கடை திறக்கிற நேரத்துக்கு நான் வைத்திருந்த அலாரம் அடித்திருக்கிறது. நிறுத்துக்கொண்டிருந்த ஐயா இரண்டடி பின்னால் துள்ளினார். ஒரு கிழவி வாளியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாளாம். பாட்டு பாதியில் நின்றது. அதற்குப்பின் அந்தப் போன் பாடவேயில்லை. மேலே உறைந்திருந்த ரப்பரைப் பாலாடை உரிக்கிறதுபோல் நான் உரித்துக்கொண்டிருந்தபோது, கொமிட்டி பக்கத்தில் நின்று மிகுந்த கவலையோடு சொன்னார்:

“பாத்தியா தம்பி. டச் போன் ரப்பர் பாலுக்குத் தாங்காது. நல்ல வேள, வாங்கல.”

மறுபடி கூட்டம். தலைவர், “வேற கம்பனி சிம் போட்டுப் பாப்பம்” என்றார். பூசாரி, “ஆடி கழியட்டும்” என்றார். தொழில்நுட்ப ஆலோசகர் என்ற முறையில் நானும் ஓரமாக உட்கார்ந்து, கித்துள் கருப்பட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று காம்பராவுக்குள்ளிருந்து அத்தையின் குரல் வெடித்தது.

“உங்க கூட்டம் முடியிற வரைக்கும் என் கண்ணு காத்துக்கிட்டு இருக்காதுங்க!”

தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார். பூசாரி எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். கூட்டம் கலைந்தது. கொமிட்டி என் பின்னாலேயே பாதைவரை வந்தார்.

“தம்பி, நீயும் சிரிப்ப. எனக்குத் தெரியும். வெளிநாடு போகவாப்பான்னு சுமதி கேட்டப்ப நான் ஒருத்தரையும் கேக்கல. வேலைக்கு ஓடுற அவசரத்துல, சரி போன்னு ஒரே சொல்லுல சொல்லிட்டேன். ரெண்டு வருசத்துல வந்திடுவேன்னு போன புள்ள. அது போய் எத்தன ரெண்டு வருசம் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் தனியா ஒரு சொல்லு சொல்ல எனக்குப் பயமா இருக்கு தம்பி. வாங்கிட்டு, பாக்கியம் ஆசையா வந்து உக்காந்து, படம் வராமப் போச்சுன்னா நான் என்னா செய்வேன்?”

குடைக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த தோட்டம் எங்களுடையது. அந்த மனிதர் விளையாட்டுக்குக் கூட்டம் போடவில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. “நாளைக்கே வாங்க மாமா, நானே வந்து போட்டுத் தாறேன்” என்றேன். சரி என்றார். மறுநாள் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. பாதையில் மண் சரிந்து தோட்டத்துக்கும் பஜாருக்கும் போக்குவரத்து நின்றது.

மழை விட்டு நல்ல வெயில் அடித்த ஒரு காலையில், பாக்கியம் அத்தை தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். பிறகு வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, “மழை இருட்டு இன்னும் விடலையே” என்றாராம். கொமிட்டி சிந்தியதைத் துடைத்தார். வெயில் இஸ்தோப்பு வரை வந்து கிடந்தது.

அன்றைக்கே கொமிட்டி கூடியது. தலைவர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். “இனிமே டச் போன் எதுக்கு? பேசத்தானே போகுது தங்கச்சி. பட்டன் போனே போதும்.” பூசாரியும் ஆமாம் என்றார். கொமிட்டியின் சரித்திரத்தில் முதல்முறையாக எல்லோருக்கும் ஒரே கருத்து. இவர் இரண்டு பக்கமும் தலையாட்டவில்லை. எழுந்தார். மூலையில் இருந்த குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கடைக்குள் வந்து நின்றபோது கால் முழுக்கச் சேறு.

“ஒரு டச் போன் குடு தம்பி.”

“எது மாமா?”

“எதாவது குடு. முன்னுக்குக் கெமரா இருந்தாப் போதும். பெக்கேஜும் நீயே பாத்துப் போடு.”

ஒரு கேள்வி இல்லை. அத்தையின் சேதி அதற்குள் பஜாருக்கு வந்திருந்தது. “மாமா, அத்தைக்கு இப்ப…” என்று இழுத்தேன்.

“அவளால பாக்க முடியாதுதான். புள்ள பாக்கலாமில்ல? பெத்தவளப் பாத்து அதுக்கும் எத்தன காலமாச்சு.”

வெள்ளிக்கிழமை நானும் மலை ஏறினேன். அன்றைக்கு அந்த ஒரு மரத்தை வெட்டாமல் விடும்படி கங்காணியிடம் இவரே போய்ச் சொல்லியிருந்தார். சிரட்டையைத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அத்தையைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தார். அத்தை பொங்கலுக்கு எடுத்த சேலை கட்டி, பொட்டு வைத்திருந்தார். தலைவரும் பூசாரியும் வளைவுக்குக் கீழேயே மரியாதையாக நின்றுகொண்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் அத்தையின் முகத்துக்கு நேராகச் சிரட்டை வந்தது. நான் போனை வைத்தேன். படம் வந்தது.

“அம்மா…”

அத்தை குரல் வந்த பக்கம் திரும்பினார். கொஞ்சம் தள்ளித் திரும்பிவிட்டார். முகம் கெமராவுக்குச் சரியாக வரவில்லை. கொமிட்டி அத்தையைத் தொடவில்லை. கம்பியைப் பிடித்துச் சிரட்டையைத்தான் அத்தையின் பக்கம் திருப்பி வைத்தார்.

சுமதி எனக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புக் கீழே படித்தவள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டிக் கண் உள்ளே போயிருந்தது. சட்டைக் கழுத்து தோளில் நிற்காமல் சரிந்தது. கொமிட்டியும் பார்த்தார். பார்த்துக்கொண்டே மரத்தில் கையை ஊன்றிக்கொண்டார்.

“என்னங்க” என்றார் அத்தை. “புள்ள இளைச்சிருக்காளா?”

நான் கொமிட்டியைப் பார்த்தேன். மழை வருமா என்று கேட்டாலே நாலு பேரைக் கேட்டுச் சொல்கிற மனிதர்.

“இல்ல பாக்கியம்” என்றார் உடனே. “கன்னமெல்லாம் வச்சு, நல்லா இருக்கா. போனப்ப இருந்தத விட நல்லா இருக்கா.”

சுமதி அங்கே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, “ஆமாம்மா, குண்டாயிட்டேன். சட்டையெல்லாம் பத்த மாட்டேங்குது” என்றாள்.

அத்தை சிரித்தார். அப்படிச் சிரித்து நான் எத்தனையோ காலம் பார்க்கவில்லை. “நல்லாச் சாப்புடு சாமி” என்று சிரட்டையின் விளிம்பைத் தடவிக்கொண்டேயிருந்தார். சுமதி எங்களை மறந்து, அம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தையை இஸ்தோப்பில் உட்கார வைத்துவிட்டுக் கொமிட்டி என்னை வழியனுப்பப் பாதைவரை வந்தார். தூறல் விழுந்தது. குடையை விரித்தார். கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு நின்றார்.

“தம்பி, நான் அப்படிச் சொன்னது சரிதானா? தலைவரையும் பூசாரியையும் ஒரு வார்த்த கேட்டிருக்கணுமோ?”

அவர் கண்ணைத் துடைக்கவில்லை. மழையென்று நான் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் குடைக்குள் நின்றிருந்தோம்.

“கூட்டம் போட்டாச்சு மாமா” என்றேன். “ஏகமனதாச் சரி.”