பத்தொன்பது நாள் படுக்கை

தன் மனைவி கிருபாபாய் சீமைக்குப் போகக் கூடாது என்ற தீர்மானத்தைச் சத்தியநாதன் முன்மொழிந்தார். அவரே வழிமொழிந்தார். எதிர்ப்பே இல்லாமல் தீர்மானம் நிறைவேறியது. அப்போது அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

தீர்மானம் போடுவது அவருக்குப் பழக்கம். சித்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் தமிழ் வாத்தியார். அதோடு எல்லைக் கமிட்டியின் காரியதரிசி. ஆந்திர ராஜ்யம் பிறந்த நாளிலிருந்து, சித்தூர் தமிழருக்கே சேர வேண்டும் என்று மூன்று வருஷமாக மகஜர் எழுதி எழுதி, அவர் விரலில் மை காயவே இல்லை. எல்லை ஓர் அங்குலம் நகரவில்லை. அவரும் ஓயவில்லை.

கிருபாபாய் கலியாணத்துக்கு முன்பு நர்ஸ். தன் வகுப்பில் முதலாவதாகத் தேறியவள். கலியாணமான நர்ஸுக்கு ஆஸ்பத்திரியில் இடமில்லை என்பது அந்தக் காலத்து வழக்கம். வெள்ளை உடுப்பை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்தாள். ஏழு வருஷம் ஆயிற்று. பிள்ளை பிறக்கவில்லை. அவள் பராமரிப்பில் ஒரு முருங்கை மரமும் ஒரு கணவரும்தான். இரண்டுக்கும் பெரிய வியாதி எதுவும் வந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து சீமைக்குத் திரும்பிப் போயிருந்த பழைய மேட்ரன் அவளுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தாள். அங்கே ஆஸ்பத்திரியில் ஆள் வேண்டும். பட்டணத்தில் நடக்கும் பதிவுப் பரீட்சையில் தேறினால் இரண்டு வருஷ வேலை நிச்சயம். கடிதத்தைக் கிருபாபாய் கணவரிடம் நீட்டியபோது அவர் எல்லையைத்தான் கையில் எடுத்தார்.

"உம் பேரு மதராஸ் ரிஜிஸ்டர்ல இருக்குது. நீ ஆந்திராவுல இருக்கறே. எல்லை தீராம, எந்த ராஜ்யத்து நர்ஸுன்னு போய் நிப்பே?"

"எப்பங்க தீரும்?"

"பேசிக்கினு இருக்கோம்."

இந்தப் பதிலை அவள் மூன்று வருஷம் நம்பினாள். அல்லது, அவள் நம்புவதாக அவர் நம்பினார். மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் அவள் சோற்றைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"மதராஸ் ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு நானே கடுதாசி போட்டேங்க. எல்லை எங்க போனாலும் உன் பேரு செல்லும்னு எழுதிட்டாங்க. ஜனவரியில பரீட்சை."

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"உங்ககிட்ட கத்துக்கினதுதான். மகஜர் மாதிரியே எழுதினேன். ஒரே ஒரு வித்தியாசம். பதில் வந்துச்சி."

சத்தியநாதன் அன்று மோர் ஊற்றிக்கொள்ளாமலே எழுந்துவிட்டார்.

அவர் கொடியவர் அல்ல. சமைக்கத் தெரியும். துணி துவைக்கத் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று. பேச்சுக்கு ஆளில்லாத வீட்டில் சாயங்காலம் விளக்கை ஏற்றிவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரியாது. ஆயிரம் மகஜர் எழுதிய மனிதர் இதை மட்டும் எங்கும் எழுதவில்லை. மனைவியிடம் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்திருக்காது.

டிசம்பர் தொடக்கத்தில், திருப்பதியில் கமிட்டிக் கூட்டம் முடிந்து அவர் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். புத்தலப்பட்டு தாண்டியதும் பஸ் வழுக்கி, சாலையோரத்து வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கி நின்றது. யாருக்கும் காயமில்லை. எல்லோரும் இறங்கித் தூசியைத் தட்டிக்கொண்டார்கள். சத்தியநாதன் மட்டும் ஏதோ யோசனையில் மெதுவாக இறங்கினார். கண்டக்டர் ஓடி வந்தார்.

"இன்னா சார், இடுப்புல புடிச்சிக்கிச்சா?"

அந்தக் கேள்விக்கு முன்னால் அவர் இடுப்பில் ஒன்றுமில்லை. கேள்வி முடிந்ததும் இருந்தது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவனை விட்டுவிட்டு எந்தப் பெண் பரீட்சைக்குப் போவாள்? "அப்பா!" என்றார் சத்தியநாதன். இரண்டு பேர் தோள்களில் தொங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

கிருபாபாய் அழவில்லை. ஆளனுப்பித் தேவானந்தம் டாக்டரை வரவழைத்தாள். மிஷன் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். டாக்டர் முதுகை மேலிருந்து கீழ்வரை விரலால் தட்டிப் பார்த்தார். கால்களைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கிருபாபாயின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"படுக்கட்டும்" என்றார். "பலகையில. தலகாணி வேணாம்."

பள்ளிக்கூடத்திலிருந்து ஆறாம் வகுப்புப் பெஞ்சுகள் இரண்டு வந்தன. பையன்கள் ஆணியால் செதுக்கி வைத்திருந்த எழுத்துகள் முதுகில் உறுத்தின. அவற்றில் ஒன்று அவருடைய பட்டப்பெயர்.

அதன் பின் பராமரிப்பு தொடங்கியது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் தெர்மாமீட்டர். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைத்து முதுகில் ஸ்பிரிட், அதன்மேல் பவுடர். காலையில் கம்பளிக்குள்ளேயே குளியல். கை தெரிந்தால் கால் தெரியாது, கால் தெரிந்தால் கை தெரியாது. அசையாமல் கிடப்பவருக்குக் கடின ஆகாரம் ஆகாது என்று மூன்று வேளையும் அரோரூட் கஞ்சி.

"கிருபா, குளியல் மட்டும் நான் கெணத்தடிக்கு…"

"படுக்கையில இருக்கறவங்களுக்குக் கெணறு கெடையாது. பேசாம இருங்க. இப்ப முதுகை அழுத்தறேன். இடுப்புல அஞ்சு எலும்பு. ஒண்ணு… ரெண்டு… வலிக்கற எடத்துல சொல்லுங்க."

"ரெண்டு. ஐயோ, ரெண்டு."

"நேத்து நாலுன்னீங்க."

"நேத்து நாலு."

"ஊர்ந்துக்கினு போவுது போல" என்று சொல்லிவிட்டு அவள் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள். எல்லைத் தகராறு அவர் முதுகுக்கே வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அம்சவேணி ஜன்னலோரம் வந்து நின்றாள்.

"இன்னா வாத்தியாரே, பஸ்ஸு கொல்லையில எறங்குனா நீங்களும் கூடவே சாஞ்சிட்டீங்களே! அந்த பஸ்ஸு அன்னிக்கே எழுந்து ஓடிப்போச்சி!"

"வயசு அம்சவேணி, வயசு."

"யாருக்கு, பஸ்ஸுக்கா? கிருபாக்கா, இவரு மூஞ்சியைப் பாரு. கஞ்சி குடிச்சிக் குடிச்சிப் பச்சப்புள்ள மாதிரி ஆயிட்டாரு."

"அவரு எப்பவுமே அப்டிதான் அம்சவேணி" என்றாள் கிருபாபாய்.

ஒரு மத்தியானம் சத்தியநாதன் கண் விழித்தார். கிருபாபாய் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜுரம் திடீரென்று இறங்கினால் என்ன செய்வாய்? நாடி இப்படி ஓடினால் யாரைக் கூப்பிடுவாய்? பதில் ஒவ்வொன்றும் மணிபோல வந்தது. வெயில் அவள் பக்கவாட்டில் விழுந்திருந்தது. ஏழு வருஷமாக இந்த வீட்டில் அவள் விருந்துக்கு வந்தவள் போல ஓரமாக உட்கார்ந்திருந்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. இப்போது, தன் வீட்டுக்குத் திரும்பி வந்தவளின் முகம் அவளுக்கு இருந்தது. பார்க்க அழகாக இருந்தது. அவருக்கு உண்மையாகவே எங்கோ வலித்தது. எலும்பில் அல்ல.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை போதகர் வீட்டுக்கு வந்தார். படுத்திருப்பவர்களின் பெயரை ஆராதனையில் வாசித்துச் சபையார் எல்லோரும் ஜெபிப்பது அந்தச் சபையின் வழக்கம்.

"பேரை வாசிக்கலாமா அம்மா?" என்று கேட்டார் போதகர்.

"வாசிங்க ஐயா. ஜெபம் அவருக்கு வேணும்" என்றாள் கிருபாபாய்.

சத்தியநாதன் முனகினார், அதைச் சம்மதம் என்று போதகர் எடுத்துக்கொண்டார். பெயர் வாசிக்கப்பட்டவன் சுகமானால், அடுத்த ஞாயிறு சபை நடுவில் எழுந்து நின்று, தான் எப்படிச் சுகமடைந்தான் என்று தன் வாயால் சாட்சி சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து அவர் பார்த்த வழக்கம்தான். ஆனால் படுப்பதற்குத் திட்டம் போட்டவர் எழுவதற்குப் போடவில்லை.

பதினெட்டாம் நாள் சாயங்காலம் தேவானந்தம் டாக்டர் வந்தார். முன்னறையில் இருவரும் பேசியது சத்தியநாதன் காதில் விழுந்தது.

"எத்தனை நாள் ஆச்சு கிருபா?"

"பதினெட்டு டாக்டர். இன்னும் மூணு நாள்."

"நல்லது. தொழிலை விட்டு அஞ்சு வருஷம் தாண்டினவங்க, ஒரு படுக்கை நோயாளியை இருபத்தோரு நாள் பார்த்த பதிவேடு கொண்டுவரலேன்னா பரீட்சை மண்டபத்துக்குள்ளயே விடமாட்டாங்க. உனக்கு நோயாளிக்கு எங்க போறதுன்னு நான் தவிச்சுக்கினு இருந்தேன். நல்லவேளை, பஸ்ஸு கொல்லையில எறங்கிச்சி."

சத்தியநாதன் பலகையில் பலகையாகக் கிடந்தார். அவளுடைய அனுமதிச் சீட்டு அவரேதான்! அவருடைய ஒவ்வொரு முனகலும் அவளைச் சீமைப் பக்கம் ஓரடி தள்ளியிருக்கிறது.

மறுநாள் காலை, கிருபாபாய் தெர்மாமீட்டரோடு வருவதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார். "கிருபா! சுகமாயிட்டேன்!" என்று கத்தினார். சந்தேகம் யாருக்கும் வரக் கூடாதென்று, ஒரு பெஞ்சைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். அம்சவேணி குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள்.

கிருபாபாய் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு நாள் கொறையுதே கிருபா, பரவாயில்லையா?" என்றார் சத்தியநாதன். குரலில் வருத்தம் இருந்தது. அதை வைக்க அவர் பாடுபட்டார்.

"கொறையலீங்க. இருபத்தோரு நாள், இல்லேன்னா நோயாளி சுகமாகி எழுந்திருக்கற நாள், எது முந்தியோ அதுன்னு போட்டிருக்கு. நோயாளி செத்துப்போனாதான் வேற ஆளைத் தேடணும்."

மிச்சமிருந்த அந்த ஒரு வழியையும் சத்தியநாதன் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போதகர் அவர் பெயரைச் சொல்லி அழைத்தார். சத்தியநாதன் எழுந்து நின்றார். இன்னொரு வழி இருப்பது அப்போதுதான் தெரிந்தது. உண்மை. எனக்கு நோயே இல்லை, நான் நடித்தேன் என்று சொன்னால் போதும். பதிவேடு குப்பைக்குப் போகும். பரீட்சை போகும். கப்பல் போகும். கிருபாபாய் இங்கேயே இருப்பாள். அவமானம் ஆறு மாதம் இருக்கும். மனைவி ஆயுசுக்கும் இருப்பாள்.

பெண்கள் பக்கம் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெந்நீரிலும் ஸ்பிரிட்டிலும் ஊறி அந்தக் கைகள் வெடித்திருந்தன. இரவும் பகலும் நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவரைத் திருப்பிப் போட்ட கைகள். ஒரு தரம்கூட முகம் சுளிக்காமல்.

"கர்த்தர் என்னை எழுப்பினார்" என்றார் சத்தியநாதன். "என் மனைவி கையால எழுப்பினார். இப்படி ஒரு நர்ஸு இந்தச் சீமையில இல்ல. எந்தச் சீமையிலயும் இல்ல."

சபை ஆமென் என்றது. அவர் உட்கார்ந்தார். கோயிலுக்குள் சொன்ன அந்தப் பொய்தான், ஏழு வருஷத்தில் தான் அவளுக்குக் கொடுத்த முதல் பரிசு என்று அவருக்குத் தோன்றியது. துக்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அன்று அவர் நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போனார்.

கிருபாபாய் பரீட்சையில் முதலாவதாகத் தேறினாள்.

அவள் புறப்படும் நாள் காலையில் சத்தியநாதனுக்கு வயிற்று வலி வந்தது. பாயில் சுருண்டு படுத்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டார்.

"குத்துது கிருபா. எப்பவும் இல்லாத மாதிரி குத்துது."

"படுத்திருங்க" என்றாள் அவள், புடவையை மடித்துக்கொண்டே. "பொழுது போவணும்னா இதைப் படிச்சிக்கினு இருங்க. பட்டணத்துலேருந்து திருப்பி அனுப்பிட்டாங்க."

பதிவேடு. இங்கிலீஷில் எழுதியிருந்தாள். அவர் மனத்துக்குள் தமிழாக்கிக்கொண்டே படித்தார்.

'உடலில் நோய் ஏதுமின்றிப் படுக்கையில் விழுந்த ஒரு நோயாளியைப் பராமரித்தல். முதல் நாள்: முதுகெலும்பில் குறையில்லை என்று டாக்டர் கண்டார். நோயாளியிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஆறாம் நாள்: நான் தண்ணீருக்குப் போயிருந்தபோது நோயாளி அடுக்களைக்கு நடந்து சென்று மூன்று ஆப்பம் சாப்பிட்டிருக்கிறார். நல்ல பசி. நடை சீராக இருந்திருக்க வேண்டும்; பாத்திரம் எதுவும் உருளவில்லை. பதினான்காம் நாள்: நோய்க்குக் காரணம் பிரிவைப் பற்றிய பயம் என்று கருதுகிறேன். வாயால் சொல்ல மாட்டார். அதனால் முதுகால் சொல்கிறார்.'

அடியில் தேவானந்தம் டாக்டரின் கையெழுத்து. அதற்கும் அடியில், சிவப்பு மையில் பரீட்சைக்காரரின் குறிப்பு: 'மிகக் கடினமான நோயாளி. மிகப் பொறுமையான பராமரிப்பு.'

சபை நடுவில் அவர் உண்மையைச் சொல்லியிருந்தாலும், இதில் ஓர் எழுத்துக்கூட மாறியிருக்காது. சத்தியநாதன் சிவப்பு மைக் குறிப்பை இன்னொரு தரம் படித்தார். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

'இனி எதிர்பார்க்கக்கூடியது: நோய் ஒரு தரம் திரும்ப வரலாம். பெரும்பாலும் நான் கிளம்பும் நாளில், வயிற்று வலியாக. மருந்து வேண்டாம். பெட்டி கனமாக இருந்தால் நோயாளியே தூக்கி வருவார்.'

சத்தியநாதன் வயிற்றிலிருந்து கையை எடுத்தார்.

பெட்டி கனமாகத்தான் இருந்தது.